ஐந்தாம் நாள்

எர்ணாவூர் பாலம் இறங்கிப் பதினோரு மணி நேரம்.
ஜீரோ கேட்டுக்கு இன்னும்
நூத்தி நாற்பது டிரெய்லர் நிற்கிறதாம்,
சைக்கிளில் டீ விற்கிறவர் எண்ணிவிட்டுச் சொன்னார்.
டிரைவர் கஜபதி ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து தூங்குகிறார்.
கிளீனர் தூங்கக் கூடாது,
முன்வண்டி அசைந்தால் எழுப்ப வேண்டும்.

போனைத் திறந்தேன்.
பாதிப் போன்தான் என்னுடையது.
மீதி நிரோஷாவின் எட்டாம் வகுப்பு.
பள்ளிக்கூடத்து ஆப்பில் அவள் பெயரில் ஒரு பெட்டி:
'என் கற்றல் தொகுப்பு.'
இடமில்லை என்று போன் அடம்பிடித்தபோது
நான் வாங்க நினைத்த பைக்கின் படங்களையெல்லாம்
அழித்தாள்.
அழித்த பிறகு, 'அழிக்கட்டுமா?' என்றாள்.

மாதம் ஒன்று ஏற்ற வேண்டும்.
நல்லா வந்ததை மட்டும் இல்லையாம்,
எப்படி வந்ததுன்னும் காட்டணும்னு
ஹெப்சிபா மிஸ் சொன்னாங்களாம்.

இந்த மாதம் ஆணி.

நாலு டம்ளர், நாலு ஆணி, ஜன்னல் திட்டு.
ஒன்றில் கேன் தண்ணீர்.
ஒன்றில் குழாய்த் தண்ணீர்.
ஒன்றில் காய்ச்சிய தண்ணீர், மேலே எண்ணெய்.
நாலாவது டம்ளர் காலி.
காலி டம்ளர் ஆணி துருப்பிடிக்காது
என்கிறது புத்தகம்.
எங்கள் வீட்டில் பிடித்தது.

வேறு ஆணி போட்டு
வேறு படம் எடுத்திருக்கலாம்.
நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.
இவள் அந்த ஆணியையே
கிட்டத்தில் வைத்துப் பிடித்து ஏற்றியிருக்கிறாள்.

மிஸ் கீழே ஒரே சொல் எழுதியிருக்கிறார்: ஏன்?

பதில் குரலாக இருக்கிறது, நாற்பது விநாடி.
'காத்துலயே தண்ணி கீது மிஸ்.
கடல் அப்டியே பக்கத்துல.
எங்க ஜன்னல் கம்பியப் பாத்தீங்கன்னா...'
பின்னால் லாரி ஹாரன்,
அதற்கும் பின்னால் ஒரு குறட்டை.
என்னுடையது.
பள்ளிக்கூடத்துக் கணக்கில் அதுவும் ஏறிவிட்டது.

முதல் நாள் படம், இரண்டாம் நாள், மூன்று, நான்கு.
ஐந்தாம் நாள் படம் இல்லை.
நோட்டுத்தாளில் பென்சிலால் நாலு ஆணி,
துருவுக்கு டீத்தண்ணீர் தொட்டு நிறம்.
அடியில் குண்டு எழுத்து:
'இன்று போன் வேலைக்குப் போய்விட்டது.'

கீழே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.
பெற்றோர் அல்லது பாதுகாவலர் கருத்து.
இன்று இரவு பன்னிரண்டு வரைதான் நேரம்.
அப்பா ஐஸ் கம்பெனியில் நைட் ஷிப்ட்.
அம்மா, 'நீயே எதனா எழுதுடா, நீதான பத்தாவது வரைக்கும் போன.'

நன்று என்று அடித்தேன். அழித்தேன்.
கைதட்டும் பொம்மை போட்டேன். அழித்தேன்.
பத்து வருஷப் படிப்பில்
என்னைப் பற்றி எழுதப்பட்டது மொத்தம் இரண்டு சொல்:
கவனம் தேவை.
இப்போது எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.
நாற்பதடி டப்பாவை ஒரு சாண் இடைவெளியில்
வா வா, ரைட்டு ஒடி, போதும், நிறுத்து என்று
பின்னால் ஏற்றுகிறேன்.
எந்தப் பெட்டியில் போடுவது அதை?

கதவைத் திறந்து இறங்கினேன்.
டார்ச் வெளிச்சத்தில் டப்பாவின் தாழ்ப்பாள்,
போன வாரம்தான் கிரீஸ் தடவினேன்,
விளிம்பெல்லாம் காவி.
கட்டை விரலில் ஒட்டியது.

எழுதினேன்:
'ஐந்தாம் நாள் போன் என்னிடம் இருந்தது.
நான் அவள் அண்ணன்.
மூணாவது டம்ளரில் எண்ணெய் இருப்பதால் ஆணி தப்பித்தது, சரி.
எங்கள் வண்டித் தாழ்ப்பாளுக்கு கிரீஸ் போட்டும்
துருப்பிடிக்கிறது.
அது ஏன் என்று நிரோஷாவிடம் கேட்டிருக்கிறேன்.
இன்னும் கேட்கவில்லை, வீட்டுக்குப் போய்க் கேட்பேன்.'

பதினொன்று ஐம்பத்தி மூன்று.
வட்டம் சுற்றுகிறது. இங்கே டவர் எப்போதும் அப்படித்தான்.
முன்வண்டியின் சிவப்பு விளக்கு அணைகிறது.

கஜபதியண்ணே. அண்ணே.
ஏந்துரு, லைன் நவுருது.